பூட்டிய பள்ளிகளும் பொதுமக்கள் கருத்தும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கெனப் பாடுபட்டு வரும் இச்சங்கத்தின் விழாவில் பேசும் வாய்ப்பினை நல்கிய விழாக் குழுவினர்க்கு முதற்கண் என் நன்றி உரியது. 'அமெரிக்க அரசியலும் அன்றாடக் கருத்துகளும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அமெரிக்க அரசியல் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன குடியரசுத் தலைவர் தேர்தல், போர், டாலரின் மதிப்பு ஆகியனவே. ஆனால் ஒரு நாட்டின் அரசியல் அதன் தலைநகரில் மட்டும் நடைபெறுவதன்று. தெருமுனையில் நான்கு பேர் கூடி, 'நம் வரிப்பணம் ஏன் அவர்களுக்குப் போக வேண்டும்?' என்று பேசுகின்றார்களே, அதுவும் அரசியலே. அத்தகைய பேச்சு ஓர் ஊரின் பள்ளிகளையெல்லாம் ஐந்து ஆண்டுகள் பூட்டி வைத்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அவ்வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு முற்றிலும் அயலானது என்று எவரும் கருத வேண்டா. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். கறுப்பின மக்கள் தம் குறைகளை ஐக்கிய நாடுகள் அவையில் முறையிட்டதை அறிந்து, அம்முறையீட்டின் படிகளைக் கேட்டு, அம்மக்களின் பேரறிஞர் டியூ பாய்ஸ் அவர்களுக்கு 1946ஆம் ஆண்டில் மடல் எழுதினார். டியூ பாய்ஸ் அவர்களும் மறுமொழி எழுதினார். அந்த வழியிலேயே நாமும் அம்மக்களின் வரலாற்றை நோக்குவோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிரின்ஸ் எட்வர்டு என்றொரு கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு, அளவில் சிறியது. அதன் தலைமையிடம் பார்ம்வில் என்னும் சிற்றூர். அந்நாட்டின் உச்சநீதிமன்றம் 1896இல் அளித்த ஒரு தீர்ப்பு, 'சமமாக இருக்குமாயின் தனித்தனியாக வைக்கலாம்' என்றது. அதன் நிழலில் தென்மாநிலங்களில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளியும் கறுப்பர்க்கு ஒரு பள்ளியும் நடந்தன. தனித்தனி என்பது நாள் தவறாமல் நடைமுறைக்கு வந்தது. சமம் என்பது ஏட்டளவில் நின்றது.

பார்ம்வில்லில் கறுப்பின மாணவர்க்கென இருந்தது மோட்டன் உயர்நிலைப் பள்ளி. 1939இல் 180 மாணவர்க்கெனக் கட்டப்பட்ட அப்பள்ளியில் 1950ஆம் ஆண்டளவில் 450க்கும் மேற்பட்டோர் பயின்றனர். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை, அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லை. இடநெருக்கடிக்குக் கல்வி வாரியம் கண்ட தீர்வு, தார் பூசிய காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகள். குளிர்காலத்தில் அடுப்பினருகே அமர்ந்த பிள்ளை வெந்தது. தொலைவில் அமர்ந்த பிள்ளை நடுங்கியது. மழை பெய்தால் கூரை ஒழுகியது. புதிய கட்டடம் வேண்டுமெனப் பெற்றோர் பலமுறை வேண்டினர். 'பார்ப்போம்' என்பதே அவர்கள் பெற்ற விடை.

இந்நிலையில் பார்பரா ஜான்ஸ் என்னும் பதினாறு வயது மாணவி சில தோழர்களுடன் கூடித் திட்டமிட்டாள். 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், தலைமையாசிரியரை ஒரு தொலைபேசிச் செய்தியால் பள்ளிக்கு வெளியே வரவழைத்துவிட்டு, மாணவர்கள் அனைவரையும் மன்றத்தில் கூட்டினர். பார்பரா எழுந்து பேசினாள். 450க்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினர். வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தைச் சார்ந்த ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் என்னும் இரு வழக்கறிஞர்கள் பார்ம்வில்லுக்கு வந்தனர். நல்ல கட்டடம் கேட்டு மட்டும் வழக்காட மாட்டோம். தனிப்பள்ளி முறையையே எதிர்த்து வழக்காட ஒப்புவீர்களாயின் வருகின்றோம் என்றனர். பெற்றோரும் மாணவரும் ஒப்பினர். 117 மாணவர்களின் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் எண்ணிப் பாருங்கள். பார்பராவுக்கு ஆபத்து நேருமென அஞ்சிய பெற்றோர், அவளை அலபாமா மாநிலத்திலிருந்த அவள் தந்தையின் உடன்பிறந்தவரான வெர்னன் ஜான்ஸ் இல்லத்திற்கு அனுப்பி வைத்தனர். மோட்டன் பள்ளியின் தலைமையாசிரியர் தம் பதவியை இழந்தார். அவரும் ஒரு தலைமையாசிரியர். அதனால் அச்செய்தி என் நெஞ்சைத் தனியே தொடுகின்றது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 1953இல், கவுண்டி ஆட்சியினர் விரைந்து ஒரு புதிய மோட்டன் பள்ளியைக் கட்டித் திறந்தனர். பல்லாண்டுகளாக இல்லாத பணம் வழக்கு வந்தவுடன் எங்கிருந்தோ வந்துவிட்டது!

அவ்வழக்கு வேறு நான்கு வழக்குகளுடன் சேர்த்து உச்சநீதிமன்றத்தில் கேட்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பொதுக்கல்வியில் தனித்தனி என்பதே சமமின்மை என்பது அத்தீர்ப்பின் சாரம். பிரவுன் வழக்கு எனப் புகழ் பெற்றது அதுவே. ஆனால் அத்தீர்ப்பினை எப்போது நிறைவேற்றுவது என்னும் வினாவிற்கு 1955இல் நீதிமன்றம் தந்த விடையில் உறுதியான தேதி எதுவும் இல்லை. ஆராய்ந்து, தக்க விரைவுடன் செய்க என்னும் அளவில் நின்றது. 'சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க மாட்டான்' என்பது நம் பழமொழி. நாள் குறிக்காத வரத்தைப் பூசாரி எவ்வளவு காலம் பொத்தி வைக்கலாம் என்பதைப் பிரின்ஸ் எட்வர்டு காட்டியது.

இனிப் பொதுமக்களின் கருத்து என்ன செய்தது என்பதைக் காண்போம். கலப்புப் பள்ளி வருமாயின் பொதுப்பள்ளியே வேண்டா என்று 1956இல் அக்கவுண்டியின் வெள்ளையர் ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டனர். இவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். கடைக்காரர், உழவர், அலுவலர், கோயிலுக்குச் செல்லும் குடும்பத்தார். அவ்வூர் இதழான பார்ம்வில் ஹெரால்டும் அக்கருத்திற்கு உரமூட்டியது. 1959இல் கூட்டாட்சி நீதிமன்றம், அவ்வாண்டு செப்டம்பரிலேயே பள்ளிகளில் இரு இனத்தாரையும் சேர்க்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆட்சிக் குழுவினர் அக்கட்டளையை நேரடியாக மீறவில்லை. பள்ளிக்கான வரியை விதிக்காமல் விட்டுவிட்டனர். அமெரிக்காவில் பள்ளிச் செலவின் கணிசமான பகுதி வீடு, நிலம் ஆகியவற்றின்மேல் உள்ளூரில் விதிக்கும் வரியிலிருந்து வருவது. வரி இல்லையேல் பணம் இல்லை. பணம் இல்லையேல் பள்ளி இல்லை. 1959 இலையுதிர் காலத்தில் கவுண்டியின் பொதுப்பள்ளிகள் அனைத்தும் பூட்டப்பட்டன.

வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி ஒன்று உடனே தொடங்கப்பட்டது. முதலில் நன்கொடையாலும், பின்னர் மாநில அரசு அளித்த கட்டண உதவியாலும், நன்கொடையாளர்க்குக் கவுண்டி அளித்த வரிச் சலுகையாலும் அது நடந்தது. அஃதாவது, பொதுப்பள்ளிக்கு இல்லாத பொதுப்பணம் தனியார் பள்ளிக்குப் பின்வாயில் வழியே சென்றது. 1961இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. எனினும் பொதுப்பள்ளிகள் திறக்கப்படவில்லை. ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகளும், கட்டணம் செலுத்த இயலாத ஏழை வெள்ளையர் பிள்ளைகள் சிலரும் தெருவில் நின்றனர்.

இளைஞர்களே! இச்செயலுக்கு அரணாக நின்ற கருத்துகள் எவை என்பதைக் கூர்ந்து நோக்குங்கள். அவை கேட்பதற்கு நியாயம் போலவே ஒலிப்பவை.

முதலாவது, 'இது எங்கள் வரிப்பணம். எதற்குச் செலவிடுவது என்பது எங்கள் உரிமை' என்பது. வரி செலுத்துவோர் கணக்குக் கேட்பது முறையே; 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்றுதான் நம் முன்னோரும் கூறினர். ஆனால் கறுப்பின மக்களும் வரி செலுத்தினர். தலைமுறை தலைமுறையாக அவர்கள் செலுத்திய வரி வெள்ளையர் பள்ளியின் செங்கல்லாக மாறியபோது இக்கேள்வியை எவரும் எழுப்பவில்லை.

இரண்டாவது, 'எங்களுக்கு எவர்மீதும் பகை இல்லை. உள்ளூர்ச் செய்தியில் மேலிடம் தலையிடுவதையே எதிர்க்கின்றோம்' என்பது. ஊராட்சி உரிமை உயர்ந்ததே. ஆனால் அந்த ஊரில் கணிசமான மக்களின் குரல் ஆட்சிக் குழுவில் ஒலிக்காதபோது, ஊர் உரிமை என்பது ஊரில் வலியவரின் உரிமையாகவே முடியும்.

மூன்றாவது, 'மாற்றம் மெல்ல வரட்டும். காலம் கனியட்டும்' என்பது. பொறுமை நல்ல குணமே. ஆனால் பொறுத்திருக்கச் சொல்பவரின் பிள்ளை வகுப்பில் அமர்ந்திருந்தது. பொறுத்திருக்க வேண்டியவரின் பிள்ளை வீட்டு வாசலில் அமர்ந்திருந்தது. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் நான் கண்டறிந்த ஓர் உண்மையை இங்குக் கூறலாம். ஓராண்டு இடைநின்ற பிள்ளையை மீண்டும் வகுப்பில் அமர்த்துவது அரிது. ஈராண்டு இடைநின்ற பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டிற்குத் திரும்புவது அதனினும் அரிது. கட்டடத்தை ஐந்தாண்டு கழித்தும் கட்டலாம். எட்டு வயதில் கற்க வேண்டியதைப் பதின்மூன்று வயதில் கற்பிக்க எந்த அரசாணையாலும் எளிதில் இயலாது.

பூட்டிய பள்ளியின் எதிரே அம்மக்கள் வாளாவிருக்கவில்லை என்பதையும் கூற வேண்டும். பார்ம்வில்லின் முதல் பாப்டிஸ்ட் தேவாலயப் போதகர் பிரான்சிஸ் கிரிபின் அவர்களின் வழிகாட்டுதலில் தேவாலயங்களின் கீழ்த்தளங்களிலும் வீடுகளிலும் பயிற்சி மையங்கள் நடந்தன. உயர்நிலை மாணவர் சிலர் வடகரோலினா மாநிலத்தின் கிட்ரெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டனர். நண்பர்கள் சபை என்னும் கிறித்தவ அமைப்பின் தொண்டுக் குழு, வேறு மாநிலங்களில் உள்ள குடும்பங்களில் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்கச் செய்தது. உறவினர் வீடுகளுக்குச் சென்றோர் பலர். ஆயினும் வயலுக்கும் வேலைக்கும் சென்று, மீண்டும் புத்தகத்தைத் தொடாமலே போனவர்களும் பலர். சங்கங்களும் தேவாலயங்களும் எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு பொதுப்பள்ளியின் இடத்தை முழுமையாக நிரப்ப இயலாது. கல்விச் சங்கத்தின் மேடையில் நின்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அரசு தன் கடமையை விடும்போது தாங்கிப் பிடிப்பது சங்கத்தின் தொண்டு. அரசைத் தன் கடமைக்கு மீண்டும் இழுத்து வருவதும் சங்கத்தின் தொண்டே. கிரிபின் இரண்டையும் செய்தார். பிள்ளைகளுக்குப் பாடம் நடக்க வழி செய்தார். அவர் குடும்பத்தின் பெயரிலேயே வழக்கும் நடந்தது.

வெள்ளையருள்ளும் மாற்றுக் கருத்துடையோர் இருந்தனர். லாங்வுட் கல்லூரியின் வரலாற்றுப் பேராசிரியர் கார்டன் மாஸ் பள்ளிகளை மூடுவதை வெளிப்படையாக எதிர்த்தார். கென்னடி அரசின் முயற்சியால் 1963 செப்டம்பரில் நன்கொடை கொண்டு 'இலவசப் பள்ளிகள்' திறக்கப்பட்டன. ஏறத்தாழ 1,500 பிள்ளைகள் வந்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க வெள்ளையர் பிள்ளைகளே அவர்களுள் இருந்தனர். மாஸ் அவர்களின் மகன் அச்சிலருள் ஒருவன். சொந்த ஊரின் பழிச்சொல்லைத் தாங்கித் தம் பிள்ளையை அனுப்பினாரே, அவருடைய கருத்துக்கு எடை உண்டு. வாயால் மட்டும் கூறும் கருத்துக்கும் வாழ்வில் விலை கொடுத்துக் கூறும் கருத்துக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

1964ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், கிரிபின் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மற்றக் கவுண்டிகளில் பொதுப்பள்ளி நடக்க, இங்கு மட்டும் மூடி வைத்துத் தனியார் பள்ளிக்குத் துணை செய்வது சமவுரிமைக்கு மாறானது. வேண்டுமாயின் வரி விதிக்குமாறு ஆட்சிக் குழுவுக்கே கட்டளையிடலாம் என்றது. நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய அத்தீர்ப்பு, காலம் தாழ்த்துவதற்கான காலம் கடந்துவிட்டது என்பதையும் தெளிவாக உணர்த்தியது. அவ்வாண்டு செப்டம்பரில் பொதுப்பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. தீர்ப்பு கிடைத்தது 1954இல். பள்ளி திறந்தது 1964இல்.

பிற்காலம் அத்தவற்றை உணர்ந்தது. பழைய மோட்டன் பள்ளி இன்று ஓர் அருங்காட்சியகம். 2003இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. படிப்பை இழந்தோர்க்கு, அவர்கள் முதியோராகிவிட்ட பின், கௌரவப் பள்ளிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. 2004இல் அவர்கள் மீண்டும் கற்பதற்கென மாநில அரசு உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அரசு 10 லட்சம் டாலரும், ஜான் குளூகி என்னும் செல்வர் 10 லட்சம் டாலரும் அளித்தனர். பார்பரா ஜான்ஸ் நூலகராகப் பணியாற்றி 1991இல் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படைத்தலைவர் ராபர்ட் லீயின் சிலை நெடுங்காலம் நின்றது. 2020 டிசம்பரில் அது அகற்றப்பட்டது. 2025 டிசம்பரில் பார்பராவின் சிலை அங்குத் திறந்து வைக்கப்பட்டது. சிலை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இழந்த ஐந்து வகுப்புகளைச் சிலையால் திருப்பித் தர இயலாது.

இக்கதை முடிந்துபோன கதையா? அமெரிக்காவின் இன்றைய வாதங்களைக் கவனியுங்கள். அந்நாட்டின் கூட்டாட்சி அரசியலமைப்பில் 'கல்வி' என்னும் சொல்லே இல்லை. டெக்சாஸ் மாநிலத்தின் ஏழைப் பகுதிப் பெற்றோர், வரி வருவாய் குறைந்த ஊரின் பள்ளி மட்டும் ஏன் ஏழைப் பள்ளியாக இருக்க வேண்டும் என்று வழக்காடினர். 1973இல் உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், கல்வி கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதி செய்த அடிப்படை உரிமையன்று எனக் கூறி அவர்கள் கோரிக்கையை ஏற்க மறுத்தது. பிரவுன் வழக்கில் வழக்கறிஞராக வாதாடிய தர்குட் மார்ஷல் அப்போது நீதிபதியாக இருந்தார். அவர் மறுப்புத் தீர்ப்பு எழுதினார். நம் நாட்டிலோ 2002ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தால் ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அவ்வுரிமையின் அருமையை அஃது இல்லாத நாட்டைப் பார்த்தே உணர முடிகின்றது.

அரசுப் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்து விரும்பிய தனியார் பள்ளியில் சேர்க்கச் செய்யும் திட்டமும் அங்குப் பெரிதாகப் பேசப்படுகின்றது. இதை ஆதரிப்போர் அனைவரும் பிரின்ஸ் எட்வர்டின் வாரிசுகள் என்று கூறுவது நேர்மையாகாது. மில்வாக்கி நகரில் 1990இல் இத்தகைய திட்டத்தைக் கொண்டு வர முன்னின்றவர் பாலி வில்லியம்ஸ் என்னும் கறுப்பினச் சட்டமன்ற உறுப்பினர். சீரழிந்த பள்ளியில் சிக்கிய ஏழைப் பிள்ளைக்கு ஒரு வழி வேண்டும் என்பது அவர் வாதம். பின்னர் அவ்வுதவியை வசதியுடையோர்க்கும் விரிக்க முயன்றபோது எதிர்த்தவரும் அவரே. அரிசோனா மாநிலம் 2022இல் எல்லா மாணவர்க்கும் இத்திட்டத்தைத் திறந்துவிட்டது. ஒரே பெயருடைய திட்டம், யாருக்கு வாயிலைத் திறக்கின்றது என்பதைப் பொறுத்து வேறுவேறு திட்டமாகிவிடுகின்றது.

எனவே இளைஞர்களே, அமெரிக்காவைப் பற்றியாயினும் வேறு எந்நாட்டைப் பற்றியாயினும் ஒரு கருத்து உங்கள் காதில் விழும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதற்குப் பணம் தருபவர் யார், பெறுபவர் யார்? இது நடந்தால் வாயிலுக்கு வெளியே நிற்பவர் யார்? காத்திருக்கச் சொன்னால், காத்திருப்பது யாருடைய பிள்ளை? இம்மூன்றிற்கும் விடை கூறாத கருத்து, எவ்வளவு இனிய சொற்களில் வந்தாலும், பார்ம்வில்லின் பூட்டைப் போன்றது. நம் வாயிலிருந்து வரும் கருத்தையும் இதே துலாக்கோலில் நிறுப்போமாக. நம்மினும் எளியோர் எவரையேனும் நாமே வெளியே நிறுத்துகின்றோமா என்பதும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்தில் மாதம் ஒருநாள், பொதுவாழ்வைச் சார்ந்த ஒரு சட்டத்தையோ அரசாணையையோ தீர்ப்பையோ எடுத்து, அதைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்பதற்கு முன், அதன் வாசகத்தையே இளைஞர்கள் கூடிப் படிக்க வேண்டும். இரண்டாவதாக, நம் பகுதியில் பள்ளி வயதில் இருந்தும் பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஒவ்வோராண்டும் ஜூன் மாதத்தில் எடுத்து, வீடு வீடாகச் சென்று அழைத்து வர வேண்டும். அவ்வாறு வரும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது என் போன்ற தலைமையாசிரியர்களின் கடமை. மறுப்போமாயின் எங்களை வினவுவது உங்கள் உரிமை.

பார்பரா பேச எழுந்தபோது அவளுக்கு வயது பதினாறு. இந்த அவையில் அந்த வயதினர் பலர் இருப்பதைக் காண்கின்றேன்.